குகை விபத்தைப் பற்றி எழுதும்போது எதைச் சொல்வது, எதை விடுவது?

மலைநடை_தென்சென்னை

அனைவருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை மலைநடைக்குச் செல்லும் சிறு குழுவொன்றில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பயணக் குறிப்புகளை எழுதி, அடுத்து வருவோர் படிக்கும்படி வைப்பது என் பொறுப்பு. பூண்டிக்கு அருகிலுள்ள குடியம் குகைகளைப் பற்றியும் ஆந்திரத்தின் பெலும் குகையைப் பற்றியும் எழுதிவைத்த குறிப்புகளைக் குழுவுக்கு வெளியே இருப்பவர்களும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதனால் அந்த வேலையை நான் விளையாட்டாகச் செய்வதில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு குன்றுக் குகையில் எங்கள் தோழி ஒருவரின் கால் பாறைப் பிளவில் முழங்கால்வரை சிக்கிக்கொண்டது. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்க நாற்பது நிமிடம் மேடேற வேண்டியிருந்தது. ஊர்க்காரர்களும் தீயணைப்புத் துறையினரும் வந்து, ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அவரை வெளியே கொண்டுவந்தார்கள். இன்று அவர் நன்றாக நடக்கிறார். ஆனால் உதவி கேட்க மேட்டுக்குச் சென்ற இருவரில் ஒருவர், சேறு படிந்த முகத்தோடு தோழி அழுதுகொண்டிருந்த படமொன்றை, 'எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்' என்ற வரியுடன் வாட்சப் குழுவில் போட்டுவிட்டார். நாங்கள் அவருடைய வீட்டுக்குத் தகவல் சொல்வதற்குள், அடுத்த தெருவில் இருப்பவர் ஒருவர் அந்தப் படத்தை அவருடைய தந்தையிடம் காட்டி, 'இது உங்கள் பெண்தானே?' என்று கேட்டிருக்கிறார்.

இப்போது விபத்துக் குறிப்பை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரிகூட வெளியே வரக்கூடாது என்கிறது அவருடைய குடும்பம். முழுமையாக எழுதினால்தான் அடுத்தவர் உயிர் பிழைப்பார் என்கிறார்கள் குழுவில் பாதிப்பேர். இரு தரப்பும் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. என் வரைவின் முதல் வாக்கியத்தைக் கீழே தருகிறேன். தோழியிடம் சொல்லிவிட்டுத்தான் இதை இங்கே இடுகிறேன். இங்கே மட்டும் வயதையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன்.

'தனியார் வங்கியில் பணிபுரியும் 27 வயதுப் பெண் உறுப்பினர் ஒருவர், எங்கள் எச்சரிக்கையை மீறிப் பிளவுக்குள் இறங்கியபோது நிலைதடுமாறி, பயத்தில் காலை வேகமாக இழுத்ததால் கால் மேலும் இறுகிக்கொண்டது.'

இந்த வாக்கியத்தில் ஏதோ உறுத்துகிறது, ஆனால் எது என்று தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

அம்பத்தூர்_101

அன்புள்ள நண்பருக்கு வணக்கம். தீயணைப்பு மீட்புப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிணறு, இடிந்த கட்டடம், பாறை இடுக்கு என்று மனிதர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் பலவற்றில் இறங்கியிருக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மீட்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்துக்குரிய நியாயம் வேறு, அது முடிந்த பிறகு எழுதும் குறிப்புக்குரிய நியாயம் வேறு. உள்ளே ஒருவர் சிக்கியிருக்கும்போது வெளியே இருப்பவர்களுக்கு அவருடைய முகமோ பெயரோ தேவையே இல்லை. யாருக்குத் தேவையோ அவர்களுக்கு, அதாவது குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் மீட்பவர்களுக்கும், அது நேராகப் போய்ச் சேர வேண்டும்.

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தால் அடைபட்டபோது உலகமே அந்தக் குகை வாசலில் கூடியது. ஜூலை 8 அன்று சிறுவர்களை வெளியே கொண்டுவரத் தொடங்குமுன் செய்தியாளர்கள் அனைவரையும் வாசலிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். அன்று வெளியே வந்த நால்வர் யார் யார் என்பதைப் பெற்றோருக்குக்கூட உடனே சொல்லவில்லை. தம் பிள்ளை இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்று தெரிந்தால் மற்ற குடும்பங்கள் எப்படித் தாங்கும் என்ற எண்ணமே காரணம். நானும் ஒரு தகப்பன் என்பதால், அந்த மௌனம் எவ்வளவு கொடியது என்று அன்று நினைத்தேன். ஆனாலும் அந்த இடத்தில் பொறுப்பில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். அனைவரும் மீண்ட பிறகு, ஜூலை 18 அன்று நடந்த செய்தியாளர் சந்திப்புக்குக் கேள்விகளை முன்கூட்டியே வாங்கி, மனநல மருத்துவர்கள் பார்த்த பிறகே சிறுவர்களிடம் கேட்க அனுமதித்தார்கள்.

இப்படி மறைத்ததால் உலகம் எதையாவது இழந்ததா என்றால், இல்லை. சிறுவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, முழு முகமூடி அணிவித்து, முக்குளிப்பவர்கள் ஒவ்வொருவராக நீருக்கடியில் சுமந்து வந்த முறை பின்னர் விரிவாக வெளிவந்தது. மீட்புப் பணியில் இருப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். காற்று உருளைகளை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பும்போது இறந்த முன்னாள் கடற்படை வீரர் சமன் குணானின் பெயரை அந்நாடு மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது. பெயரைச் சொல்வது மரியாதையாகும் இடமும் உண்டு.

நம் ஊரில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. அந்தக் குழந்தையின் பெயர் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. இருந்தும் நான் இங்கே எழுதப்போவதில்லை. உள்ளே இறக்கிய கேமராவில் தெரிந்த அந்தச் சிறு கையை நான்கு நாட்கள் வீட்டுக்கு வீடு திரும்பத் திரும்பப் பார்த்தோம். நிலையத்தில் பணிமுடிந்து உட்கார்ந்திருந்த என் தோழர் ஒருவர் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கைவிடப்பட்ட ஆழ்துளைகளை அடியிலிருந்து தரைமட்டம்வரை மண்ணாலோ கல்லாலோ நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே வழிகாட்டுதல் தந்திருந்தது. மக்களுக்குத் தெரியவேண்டியது அதுதான். அந்தக் கை அல்ல.

அதே சமயம் கேமரா என்றாலே தவறு என்றும் சொல்லமாட்டேன். 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் 17 நாட்கள் அடைபட்டிருந்தபோது, குழாய் வழியே அனுப்பிய கேமராவில் அவர்கள் நின்றுகொண்டு பேசுவதைப் பார்த்த பிறகுதான் குடும்பங்களுக்கு உயிர் வந்தது. அந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டது, அது அவர்களுக்கு என்ன தந்தது என்று பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரியும்.

இனி உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். வங்கி, 27 வயது, பெண், உங்கள் குழு, இவை நான்கும் சேர்ந்தால் உங்களைத் தெரிந்த எவருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெயரை விட்டதால் பயனில்லை. இவற்றில் ஒன்றுகூட அடுத்து அந்த மாதிரிக் குகைக்குள் இறங்குபவரைக் காப்பாற்றாது. அவரைக் காப்பாற்றக்கூடியது எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை என்பதே உங்களுக்கு உறுத்துகிறது என்று நினைக்கிறேன். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'பிளவின் மேல்வாய் ஏறக்குறைய ஓரடி அகலம். கீழே போகப்போகக் குறுகுகிறது. மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தாலும் அடி தெரியாது. இறங்கும்போது உடலின் எடை முழுவதும் ஒரே காலில் விழுந்து, கால் ஆப்பு போல இறங்கிவிடுகிறது. நேராக மேலே இழுத்தால் முழங்கால் மடிந்து மேலும் இறுகும்.'

அகலத்தை நான் ஊகித்து எழுதியிருக்கிறேன். நீங்கள் அளந்த கணக்கைப் போடுங்கள். இதோடு, உதவி கேட்க எத்தனை நிமிடம் ஆயிற்று, உள்ளே இருந்தவருக்குக் குளிர் எடுக்காமல் என்ன செய்தீர்கள், எந்த உத்தி பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். பல மணி நேரம் நசுங்கியிருந்த தசையை விடுவிக்கும்போது அதிலிருந்து பொட்டாசியம் இரத்தத்தில் கலந்து இதயத்தையே பாதிக்கக்கூடும் என்பதால், காலை விடுவிக்கும் முன்பே மருத்துவ உதவி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கட்டாயம் சேருங்கள். மீட்கப் போகும் நல்ல மனிதர்களுக்கே இது பல நேரம் தெரிவதில்லை.

குன்றத்தூர்_நடைக்காரன்

ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தில் 'எங்கள் எச்சரிக்கையை மீறி' என்ற சொற்களை அவர் அப்படியே கடந்துவிட்டார். என்னை உறுத்துவது அதுதான்.

எச்சரித்தது யார்? எந்தச் சொற்களில் எச்சரித்தார்? குழுவை நடத்தியவர் அந்தப் பிளவை முன்பே பார்த்திருந்தாரா? ஒவ்வொருவரிடமும் இரண்டாவது விளக்கு இருக்கிறதா என்று உள்ளே போகுமுன் யாராவது கேட்டார்களா? சிக்கியவரின் தனியுரிமையைக் காக்கிறோம் என்ற பெயரில் நடத்துனர்கள் தங்களையும் அதே போர்வைக்குள் மறைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். சிக்கியவரின் பயம் மட்டும் குறிப்பில் இருக்கும், அழைத்துச் சென்றவரின் முடிவுகள் இருக்காது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் சென்னையிலிருந்து சென்றவர்கள் பலர். அப்போது செய்திகளில் இறந்த பெண்களின் சிரித்த முகங்களைப் பார்த்தோம், அவர்களுடைய வேலை, திருமணம் எல்லாவற்றையும் படித்தோம். எந்தப் பாதைக்கு அனுமதி இருந்தது, யார் கொடுத்தது, தீக்காலத்தில் ஏன் கொடுத்தது என்பவற்றுக்கு அதில் கால்பங்கு இடமும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

எனவே என் கோரிக்கை இது. சிக்கியவரைப் பற்றி எவ்வளவு குறைவாக எழுத முடியுமோ அவ்வளவு குறைவாக எழுதுங்கள். ஆனால் அழைத்துச் சென்றவரும் முடிவெடுத்தவரும் தம் பெயரைத் தாமே போட்டு எழுத வேண்டும். இடத்தை மறைப்பதையும் நான் ஏற்கவில்லை. எந்தக் குகை என்று தெரியாவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பிளவுக்குள் இன்னொருவர் கால் விடுவார்.

அம்பத்தூர்_101

தம்பி, 'எச்சரிக்கையை மீறி' என்பதை நான் கவனிக்காமல் போனது என் பிழைதான். நீங்கள் பிடித்தது சரி.

இடத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். 2006இல் கேரளத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் கொடைக்கானல் குணா குகையில் விழுந்து, நண்பரால் மீட்கப்பட்டது அனைவருக்கும் தெரியும். வனத்துறை கம்பிவேலி போட்ட இடம் அது. ஆபத்தான இடம் என்று எழுதினால் பாதிப்பேர் விலகுவார்கள். மீதிப்பேர் அதற்காகவே போவார்கள். கூட்டரசின் நிலங்களில் உள்ள முக்கியமான குகைகளின் அமைவிடத்தை வெளியிடாமல் காக்க அமெரிக்காவில் 1988லேயே சட்டம் இயற்றியதற்குக் குகைகள் பாழாகக்கூடாது என்ற கவலையே காரணம். ஆனால் அதே யோசனை ஆள் பாதுகாப்புக்கும் பொருந்தும். அந்தக் குகையின் துல்லியமான இடத்தை அந்த ஊர் ஊராட்சிக்கும் வனத்துறைக்கும் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அவர்கள் பலகை வைக்கலாம், வேலி போடலாம், அடுத்த முறை எந்த வழியாக ஏற வேண்டும் என்று தெரிந்து வரலாம். பொதுக் குறிப்பில் எந்த வகைப் பிளவு என்பது போதும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு பதிந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாரிமுனை_வழக்கறிஞர்

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை என்றாலும், குடும்பம் எதிர்க்கிறது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சென்னையை உலுக்கிய கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரின் தன்வரலாற்றை ஒரு தமிழ் வார இதழ் வெளியிட முயன்றபோது எழுந்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் தனித்திருக்கும் உரிமையை விளக்கியது. தன்னைப் பற்றியும் தன் குடும்பத்தைப் பற்றியும் உள்ள அந்தரங்கச் செய்திகளை இசைவின்றி வெளியிடாமல் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம், அரசு ஊழியர் தம் கடமையில் செய்ததையும் எழுதலாம் என்பது அதன் சாரம். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது. குன்றத்தூர் நண்பர் கேட்கும் வேறுபாடு, அதாவது பாதிக்கப்பட்டவருக்குத் திரை, முடிவெடுத்தவருக்கு வெளிச்சம் என்பது, இந்தத் தீர்ப்புகளின் போக்குக்கு இசைவானதே. நடத்துனர் அரசு ஊழியர் அல்லர் என்பதால் அவரை வற்புறுத்த முடியாது; அவராகவே பெயரிட்டு எழுதுவது நல்லது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வைத்த தகவலுக்குப் பொருந்தாது. வாட்சப்பில் சுற்றிய அந்தப் படத்தை வைத்தவர் அவர் அல்லர். 'ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறதே' என்று சொல்லி அதை நீங்களும் போட வேண்டாம்.

மீண்டவள்

இந்தத் திரியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னை ஓர் இடத்திலிருந்து கயிறு கட்டித் தூக்கினார்கள். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். அந்தச் செய்தி ஒரு நாளில் முடிந்துவிடும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இன்றும் என் பெயரை இணையத்தில் தேடினால் ஸ்ட்ரெச்சரில் நான் கிடக்கும் படம்தான் முதலில் வருகிறது. வேலைக்கான நேர்காணல் ஒன்றில் அதைப் பற்றிக் கேட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் 'ஆண்களோடு மலைக்குப் போன பெண்' என்றார்கள்.

2009இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நட்டி புட்டி குகையில் தலைகீழாகச் சிக்கி, ஒரு நாளுக்கும் மேல் போராடி இறந்த இளைஞரைப் பற்றிய அசைபடங்கள் இன்றும் வலம் வருகின்றன. அவர் உடல் அந்தக் குகையிலேயே இருக்கிறது, குகை வாயை மூடிவிட்டார்கள். அந்த அசைபடங்களில் அவர் உடல் மடிந்த கோணத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறார்கள். கப்பியைப் பாறையில் பிணைத்திருந்த பிடிப்பு ஏன் பிய்ந்தது என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். 2024 டிசம்பரில் இத்தாலியில் ஒரு பெண்ணைக் குகையிலிருந்து நான்கு நாட்களில் மீட்டார்கள். அதே குகையில் அவர் சிக்கியது இரண்டாவது முறை என்று தெரிந்ததும், எலும்பு முறிந்து கிடந்தவர் மீது இணையத்தில் வசை கொட்டியது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இருந்தும் எழுதவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். என்னைத் தூக்கியபோது கயிறு ஓரிடத்தில் பாறை முனையில் உரசி நார் நாராகப் பிரிந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். மேலே இருந்தவர்களுக்கு அது தெரியாது. இன்றுவரை அதை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. என்னைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள், என்னிடம் ஒருவரும் பேசவில்லை.

உங்கள் தோழியிடம் குறிப்பைக் கொடுங்கள். அவருடைய குடும்பத்திடம் அல்ல, அவரிடம். அவர் இன்று சரி என்று சொல்லி, இரண்டு ஆண்டுகள் கழித்து வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவதாக உறுதி சொல்லுங்கள்.

மலைநடை_தென்சென்னை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தாமதமாக வருவதற்கு மன்னிக்கவும். இடையில் செய்யவேண்டிய சில வேலைகள் இருந்தன.

அம்பத்தூர் ஐயா சொன்னபடி குறிப்பை முதலிலிருந்து எழுதினேன். வயது, தொழில், ஆணா பெண்ணா என்பது எதுவும் அதில் இல்லை. 'சிக்கியவர்' என்ற ஒரு சொல்லே எல்லா இடத்திலும் வருகிறது. குகையின் இடத்தை வரைபடத்தோடு தீயணைப்பு நிலையத்துக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். வனத்துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். படத்தைப் பகிர்ந்தவர் தோழியின் தந்தையை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார். தந்தை எதுவும் பேசவில்லை. தேநீர் மட்டும் கொடுத்தாராம்.

குன்றத்தூர் நண்பருக்கு: அன்று குழுவை நடத்தியவன் நான்தான். முதல் பதிவில் அதைச் சொல்லாமல் விட்டதும், 'எங்கள் எச்சரிக்கை' என்று எழுதியதும் நான்தான். நான் அன்று சொன்ன சொற்கள் 'பார்த்து வாங்க' என்பவை மட்டுமே. குறிப்பில் அதை அப்படியே எழுதி, கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

சகோதரி மீண்டவளுக்கு: உங்கள் பதிவைத் தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். பிறகு குறிப்பை அச்செடுத்து, ஒரு பேனாவோடு அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு நாட்கள் கழித்துத் திருப்பித் தந்தார். 'அழுதார்' என்ற சொல்லை மட்டும் அடித்திருந்தார். அது எப்படியோ என் கண்ணில் படாமல் இரண்டாம் பத்தியில் தங்கியிருந்தது. பக்கத்தின் ஓரத்தில் தம் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'பிளவுக்கு வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே என் டார்ச் மங்கத் தொடங்கிவிட்டது, எல்லோரையும் நிறுத்த வேண்டியிருக்குமே என்று நான் சொல்லவில்லை.'

எங்கள் யாருக்கும் அது தெரியாது.

அந்த வரியை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அதுதான் இருக்க வேண்டும் என்றார்.